சுங்கை ரெங்காஸின் ஒரே தமிழ் வாய்

ஜொகூரில், செடெனாக்குக்கு வடக்கே, ரயில் பாதையை ஒட்டி, சுங்கை ரெங்காஸ் என்று ஒரு சிறிய மாவட்டம் இருந்தது. பிறகு அதைப் பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். சேர்த்ததில் யாரும் எதையும் இழந்ததாகத் தெரியவில்லை. ஆற்றோரம் கம்பம் என்று சொல்கிற மலாய்க் கிராமங்கள். உள்ளே தள்ளிச் சீனர்களின் அன்னாசித் தோட்டங்கள். மேட்டு நிலமெல்லாம் ரப்பர், ரப்பருக்குள் கூலிகளின் வரிசை வீடுகளான லயங்கள், லயங்களுக்குள் தமிழர்கள். இவை எல்லாவற்றையும் ஆள்வதற்கு ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மரக் கட்டடம். அதில் மலாய்க்காரரான ஒரு மாவட்ட அதிகாரி, இரண்டு எழுத்தர்கள், மாத்தா-மாத்தா என்று சொல்கிற சில காக்கி உடுப்புப் போலீஸ்காரர்கள், ஒரு பியூன், ஒரு மொழிபெயர்ப்பாளர்.

ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கட்டடத்திலிருந்து தலைநகரத்துக்கு ஓர் அறிக்கை போகும். மழை, காய்ச்சல், உடைந்த பாலம், காட்டுப்பன்றித் தொல்லை, மக்கள் தொகை என்று அதில் தலைப்புகள் இருக்கும். பன்றிகளுக்கு ஒரு பத்தி கிடைக்கும். தமிழர்களுக்கு, எத்தனை பேர் என்பதற்குப் பிறகு, ஒரு வரி: இந்தியர்கள் அமைதியாக இருக்கிறார்கள். மக்கள் தொகை என்பது மனிதர்களின் முகத்தைப் பார்க்காமல் அவர்களைப் பற்றிப் பேசுவதற்கு யாரோ கண்டுபிடித்த வழி என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் அந்த வரி பொய்யில்லை. அவர்கள் அமைதியாகத்தான் இருந்தார்கள். அவர்கள் பேசியது எதுவும் அந்தக் கட்டடத்துக்குள் போக வேண்டுமானால் ஒரே ஒரு வாய் வழியாகத்தான் போக முடியும். அந்த வாய் செல்லப்பனுடையது.

செல்லப்பன் உலு திராம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தகப்பனார் மாட்டு வண்டி ஓட்டினார், தாயார் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். சிறு வயதில் கம்பத்துப் பையன்களோடு ஆற்றில் விழுந்து கிடந்ததால் மலாய் அவருக்குத் தானாக வந்தது. கம்பத்தில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்த ஒருவரின் வீட்டு வாசலில் உட்கார்ந்து, மலாயை அரபு எழுத்தில் எழுதுகிற ஜாவியையும் கற்றுக்கொண்டார். ஜொகூரில் அரசாங்கக் காகிதங்கள் ஜாவியில்தான் நடந்தன. தமிழர்களில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. ஐரோப்பாவில் பெரிய சண்டை நடந்த வருடங்களில் அவர் பியூனாகச் சேர்ந்தார். சண்டை முடிவதற்குள் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டார். கூர்மையான மனிதர். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கூர்மை எதற்குப் பயன்பட்டது என்பது வேறு விஷயம்.

லயத்து மக்கள் அவரைக் கிராணி என்றே அழைத்தார்கள். கோட்டுப் போட்டு மேசை அருகே நிற்கிற எவரும் அவர்களுக்குக் கிராணிதான். வெள்ளை டிரில் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள், எண்ணெய் வைத்து வாரிய தலை. மேசைக்கு ஒரு பக்கம் அதிகாரி உட்கார்ந்திருப்பார், மறுபக்கம் ஜனங்கள் நிற்பார்கள், செல்லப்பன் மேசையின் ஓரத்தில், இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத இடத்தில் நிற்பார். நடுவில் நிற்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. இந்தப் பக்கம் என்ன சொல்லப்பட்டது என்று அந்தப் பக்கத்துக்குத் தெரியாது.

அவருடைய முறை சுருக்குவது. பசாரில் பால் விற்ற தங்கராஜு ஒருமுறை மாடு அவிழ்ந்து அதிகாரியின் பூந்தோட்டத்தை மேய்ந்ததற்காக வந்து நின்றார். பால் விற்கும் அளவுக்குத்தான் அவருக்கு மலாய் தெரியும். வழக்குப் பேச அது போதாது.

"ஐயா, அது எங்க மாமனாரு சீதனமாக் குடுத்த மாட்டோட கன்னுங்க. சாதுங்க. இதுவரைக்கும் ஒரு எல தொட்டதில்ல. அன்னைக்கு விடிய விடிய மழ. கயிறு நனைஞ்சு நைஞ்சு போயி, காலைல பாத்தா…"

செல்லப்பன் அதிகாரியைப் பார்த்து, மாடு அவனுடையதுதான் என்கிறான் என்றார்.

"கிராணி, கயித்தச் சொல்லலீங்களே."

"கயிறு வேணாம்யா. மாடு ஒன்னோடதா, அது போதும்."

அதையே மலாயிலும் சொன்னார். அறையே சிரித்தது. தங்கராஜுவும் சிரித்தார். அபராதத்தையும் அவரே கட்டினார்.

செல்லப்பன் லஞ்சம் வாங்கியதில்லை. கோழி கொண்டுவந்தால் கோழியைத் திருப்பி அனுப்பிவிடுவார். இதை நான் புகழ்ச்சியாக எழுதவில்லை. கோழியை வாங்கிக்கொண்டவனுக்குக் கொடுத்தவனிடம் ஒரு கடமையாவது இருக்கும். செல்லப்பனுக்கு யாரிடமும் கடமை இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த அறை சிரிக்க வேண்டும், சிரித்துவிட்டு அவரைத் தன்னில் ஒருவராகப் பார்க்க வேண்டும். எழுத்தர்கள் காப்பி குடிக்கப் போகும்போது அவரையும் கூப்பிட வேண்டும். இவ்வளவு சிறிய ஆசையால் ஒரு மனிதன் என்ன கெடுதல் செய்துவிட முடியும் என்று கேட்கலாம். பெரிய ஆசை உள்ளவன் செய்கிற கெடுதலைப் பார்த்து நாம் ஓடி ஒளியவாவது செய்கிறோம். இவர்களைப் பார்த்து நாமும் சேர்ந்து சிரிக்கிறோம்.

பிற்காலத்தில் அவர் ஓய்வு பெற்றபோது மாலை போட்டார்கள். படம் எடுத்தார்கள். இந்திய மக்களுக்குப் பாலமாக இருந்தவர் என்று ஒருவர் பேசினார். அந்தப் பேச்சைச் செல்லப்பனே மலாயில் எழுதிக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். அதெல்லாம் அப்புறம். ரப்பர் விலை விழுந்த வருடத்துக்கு வருகிறேன்.

அந்த வருடம் சுங்கை ரெங்காஸைச் சுற்றியிருந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பால் வெட்டை நிறுத்தின. வேலை இல்லாத தமிழர்களைக் கூட்டம் கூட்டமாக ரயிலேற்றிச் சிங்கப்பூருக்கு அனுப்பி அங்கிருந்து நாகப்பட்டினத்துக் கப்பலில் ஏற்றினார்கள். வேண்டும்போது வரவழைத்த அதே கப்பல். வேண்டாதபோது திருப்பி அனுப்பவும் அதுவே உதவியது. மாவட்ட அலுவலகத்துக்கு ஓர் உத்தரவு வந்திருந்தது. ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தால், அவருடைய மனைவியைத் தனியாக அனுப்பக் கூடாது. குணமாகும் வரை நிறுத்திவைத்து இருவரையும் சேர்த்து அனுப்ப வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்து வர ரயில் சீட்டும் தர வேண்டும். யாரோ ஒருவர் யோசித்து எழுதிய உத்தரவு. நல்ல உத்தரவுகளும் அவ்வப்போது வருவதுண்டு. கடைசியில் அவை யார் கைக்கு வந்து சேர்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வெள்ளையம்மா அந்த உத்தரவைக் கேள்விப்பட்டுத்தான் வந்தாள். அவள் வேலை செய்த தோட்டம் மூடிவிட்டது. துரை போய்விட்டார், கங்காணி முதல் கப்பலிலேயே போய்விட்டார், லயத்தில் முக்கால்வாசி வீடுகள் காலி. அவள் கணவன் அய்யாவு வேறு தோட்டத்தில் வேலை கேட்கப் போகிறேன் என்று நடந்தவன், நெஞ்சுச் சளியோடு ஸ்டேஷனுக்குப் போகிற சடக்கில் விழுந்துவிட்டான். மாத்தா-மாத்தாக்கள் தூக்கி லாரியில் போட்டுத் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். லாரி புறப்படும் முன் செல்லப்பன்தான் குனிந்து பெயர், தோட்டம், பெண்டாட்டி பிள்ளை விவரம் எல்லாம் கேட்டுக்கொண்டார். அய்யாவு மூச்சுக்கு ஒரு சொல்லாகப் பதில் சொன்னான். பெயர் மட்டும்தான் காகிதத்தில் ஏறியது. தனலெட்சுமி என்று ஒரு பெண் குழந்தை இருக்கிறது, இன்னும் பேச்சு வரவில்லை என்பதுகூடச் செல்லப்பனுக்குத் தெரியும். இது நடந்தபோது வெள்ளையம்மா லயத்தில் இருந்தாள். செய்தி அவளுக்குப் பிறகுதான் போனது.

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேசை முன் வந்து நின்ற அன்று அலுவலகத்தில் ஒரு விருந்தாளி இருந்தார். தலைநகரத்திலிருந்து சுற்றிப் பார்க்க வந்த வெள்ளைக்கார அதிகாரி. காலை முழுவதும் பாலத்தையும் சாக்கடையையும் பார்த்துச் சலித்துப்போய், நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"என்னம்மா வேணும்?" என்றார் செல்லப்பன்.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும் சாமி. சீட்டு குடுப்பாங்கன்னாங்க. எம் வீட்டுக்காரரு அங்க கெடக்காரு. அவரு எந்திரிச்சதும் ரெண்டு பேரும் ஒன்னாப் போயிருவோம். அதுவரைக்கும் என்னைய ஏத்தாம இருந்தாப் போதும்."

செல்லப்பன் இதை ஓரளவு ஒழுங்காகவே மொழிபெயர்த்தார். கணவன் பெயரைக் கேள் என்றார் அதிகாரி.

"வீட்டுக்காரரு பேரு?"

வெள்ளையம்மா முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள். இதற்கு அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. பெண்கள் தாங்களாகக் கணவன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அவன் ஆயுள் குறையும். கூட வந்த பிள்ளை சொல்லும், இல்லையென்றால் அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். யாரும் இல்லையென்றால் செல்லப்பனே இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லிப் பார்ப்பார், சரியான பெயர் வந்ததும் அவள் தலையாட்டுவாள். எத்தனையோ பிறப்பும் இறப்பும் அப்படித்தான் பதிவாகியிருந்தன. அது கருணை ஒன்றுமில்லை, வேலை சீக்கிரம் முடியும் என்பதால் அப்படிச் செய்வார்.

அவர் பெயர் எதுவும் சொல்லாமல் இருக்கவே அவள் உதவ நினைத்தாள்.

"தோட்டத்துப் பால் ஸ்டோர்ல வேல பாத்தவரு சாமி. கன்னத்துல அம்மத் தழும்பு இருக்கும். இந்தா, இவளோட அப்பா. தனலெட்சுமி அப்பான்னா எல்லாருக்கும் தெரியும்."

"என்ன சொல்கிறாள்?" என்றார் அதிகாரி. விருந்தாளி கொட்டாவி விட்டார்.

அந்தக் கொட்டாவியைச் செல்லப்பன் பார்த்தார். "டியா சூடா லூப்பா, துவான்" என்றார். மறந்துவிட்டாளாம், ஐயா.

எழுத்தர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரித்துக்கொண்டே அதை விருந்தாளிக்கு ஆங்கிலத்தில் சொன்னார். விருந்தாளி கடைசியாகச் சிரித்தார், மற்றவர்களைவிட அதிக நேரம் சிரித்தார். காலையிலிருந்து அந்த மாவட்டத்தில் அவருக்குப் பிடித்த முதல் விஷயம் அதுதான். செல்லப்பன் தலையைக் குனிந்து அடக்கமாக நின்றார். பாராட்டு வாங்கும்போது அப்படித்தான் நிற்பார்.

எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து வெள்ளையம்மாவும் சிரித்தாள். காரியம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

பிறகு அதிகாரி சிரிப்பை நிறுத்தினார். அவர் கெட்டவர் அல்ல, எச்சரிக்கையானவர். கப்பலுக்குத் தப்புவதற்காக யாரோ ஒருவனைக் கணவன் என்று சொல்லி வந்த ஒரு பெண்ணை முந்தின வாரம்தான் கண்டுபிடித்திருந்தார். கணவன் பெயர் தெரியாதவள் எப்படி மனைவியாக இருக்க முடியும் என்றார். அவருடைய சமூகத்தில் இப்படி ஒரு கட்டுப்பாடு கிடையாது. மேசையோரத்தில் தமிழில் பேசி முடிந்து பெயர் மட்டுமே அவரிடம் வரும் என்பதால் அவருக்குத் தெரிய வழியும் இல்லை. தெரியப்படுத்துவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இவள் தனி ஆள், அடுத்த கூட்டத்தோடு அனுப்பு என்று அதிகாரி எழுதினார்.

அப்போது ஒரு வாக்கியம் போதும். விளையாட்டாகச் சொன்னேன், துவான், எங்கள் பெண்கள் கணவன் பெயரைச் சொல்லமாட்டார்கள், அவன் பெயர் அய்யாவு. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விருந்தாளி முன்னால் அதிகாரியிடம் விளையாடியது தெரிந்திருக்கும். ஒரு முறைப்பு வந்திருக்கும். அடுத்த காப்பிக்கு எழுத்தர்கள் அவரைக் கூப்பிடாமல் போயிருக்கலாம். தராசின் ஒரு தட்டில் இது. மறு தட்டில் என்ன இருந்தது என்பதைச் செல்லப்பன் பார்க்கவே இல்லை. பார்த்துவிட்டுத் தவறான பக்கம் சாய்ந்தவனோடு வாதம் செய்ய முடியும். பார்க்காதவனை என்ன செய்வது?

"அடுத்த கப்பல்ல ஒனக்கு எடம் இருக்கு. போ" என்றார் அவளிடம்.

"அவரோடதானுங்களே?"

"போம்மா. சொல்லி விடுவாங்க."

அவளுக்குப் புரிய வைத்தவர் தங்கராஜு. பசாரில் பியூனிடம் விசாரித்து, அவள் பெயர் தனி ஆளாக ஏறியிருக்கிறது, அய்யாவு எழுந்தால் அவன் வேறு கப்பலில் போக வேண்டியதுதான், எழுகிற வரை அவளால் போய்ப் பார்க்கவும் முடியாது என்று சொன்னார். அன்றிலிருந்து வெள்ளையம்மா அலுவலகச் சுவருக்கு வெளியே, சாக்கடைத் திண்டின்மேல் குழந்தையோடு உட்கார ஆரம்பித்தாள். காலையில் வருவாள், கதவு பூட்டியதும் லயத்துக்கு நடப்பாள்.

தங்கராஜு ஒருநாள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அலுவலகப் படியேறினார். செல்லப்பன் வராந்தாவிலேயே மறித்தார்.

"எங்க?"

"துவானப் பாக்கணும் கிராணி. அந்தப் பொண்ணு புருசன் பேர நான் சொல்றேன். அய்யாவு. எனக்குத் தெரியும். எங்கிட்டதான் பாலு வாங்குவாங்க."

"நீ யாரு சொல்றதுக்கு? அவ வாயால சொல்லணும்."

"எங்க வீட்டுப் பொம்பள சொல்லுவாளா? ஒங்க வீட்ல சொல்லுவாங்களா? அதத் துவானுக்கு நீங்கதானே எடுத்துச் சொல்லணும்."

செல்லப்பன் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தார். பிறகு, "ஒங் கொட்டாய்ல எத்தன மாடு நிக்குது? எல்லாத்துக்கும் லைசென்சு இருக்கா?" என்றார்.

தங்கராஜு படியிறங்கினார். சாக்கடை அருகே நின்று, உள்ளே கேட்கும்படியாக, "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்" என்றார். அதற்குமேல் அவரால் முடிந்தது ஒரு செம்புப் பால். அதைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மாடுகளை நினைத்து அவர் பயந்தார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இந்த மாவட்டத்தில் ஒவ்வொருவருக்கும் பயப்பட ஏதோ ஒரு மாடு இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும்போது செல்லப்பன் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் எழுந்து நிற்பாள்.

"சாமி, ஒரு வார்த்த சொல்லுங்க சாமி."

"நீ சொல்லேன். ஒரே ஒரு பேரு. சொன்னா நாக்கு அழுகிப் போயிருமா?"

"நல்லா இருக்கற ஆளுன்னாச் சொல்லிப் பாக்கலாம் சாமி. சாகக் கெடக்கற மனுசன். நாஞ் சொல்லி ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"அப்படியெல்லாம் ஒன்னும் ஆவாது."

"ஆவாதுன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

அவர் வீட்டைப் பார்த்து நடந்தார். அவள் கேட்டதில் கேலி எதுவும் இல்லை. அந்தக் கட்டடத்தில் எழுதிக் கொடுத்தால் எதுவும் நடக்கும் என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

வீடு அலுவலகத்துக்குப் பின்னாலேயே இருந்தது. அவருடைய மனைவி புஷ்பவள்ளி சமையற்கட்டுச் சன்னலைத் திறந்தால் அந்தச் சாக்கடைத் திண்டு தெரியும். மறந்துவிட்டாளாம் என்ற கதையை அவர் முதல் நாளே மனைவிக்குச் சொல்லியிருந்தார். அவர் கதைகளில் அவள் சிரிக்காத முதல் கதை அது.

"இன்னும் அங்கதான் ஒக்காந்திருக்கு" என்றாள் இலையைப் போட்டபடி.

"இருக்கட்டும்."

"ஒரு நிமிசம் ஆவுமா நீங்க சொல்ல?"

"இப்பப் போயிச் சொன்னா, அன்னைக்கு ஏன்டா அப்படிச் சொன்னேன்னு கேப்பாரு. என்னான்னு சொல்றது?"

"பொய் சொன்னேன்னு சொல்லுங்க."

"ஒனக்கென்ன. சோத்தப் போடு."

அவள் சோற்றைப் போட்டாள். குழம்பை ஊற்றினாள். "நாளைக்கு ஒங்களுக்கு ஒன்னுன்னா நானும் அந்த மேச முன்னாலதான் போயி நிப்பேன்" என்றாள். "அப்ப எனக்கு வாயி யாரு?"

அவர் சாப்பிட்டார். வழக்கமான அளவு சாப்பிட்டார்.

புஷ்பவள்ளி சாயங்காலம் ஒரு தூக்கில் கஞ்சி கொண்டுபோய் வெள்ளையம்மாவிடம் கொடுத்தாள். இரண்டு பெண்களும் கொஞ்ச நேரம் பேசினார்கள். அவளையும் நான் பெரிதாகப் புகழ மாட்டேன். அதிகாரியின் மனைவியை அவளுக்குத் தெரியும், தெரிந்த அரைகுறை மலாயில் ஒரு பேச்சுப் பேசியிருக்கலாம். பேசினால் வீட்டுக்காரர் வேலை என்னாகும் என்று நினைத்தாள். கஞ்சி கொடுப்பது சுலபம். நம்மில் பெரும்பாலானவர்களின் நல்ல மனசு கஞ்சியோடு நின்றுவிடுகிறது.

அந்த வெள்ளிக்கிழமை அய்யாவு ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அது சுங்கை ரெங்காஸில் யாருக்கும் தெரியாது. முதல் நாளே சீட்டுக் கிடைத்திருந்தால் வெள்ளையம்மா அவனோடு சில நாட்கள் இருந்திருப்பாள்.

அடுத்த கூட்டம் எப்போது புறப்படும் என்று தண்டோரா போட்ட பிறகு, செவ்வாய்க்கிழமை காலை, அவள் யாரையும் கேட்காமல் நேராக உள்ளே போனாள். செல்லப்பன் தடுப்பதற்குள் மேசை முன்னால் நின்றுவிட்டாள். அதிகாரி நிமிர்ந்தார்.

"அய்யாவு" என்றாள்.

அவர் காதில் சரியாக விழவில்லை. கையைக் காதருகே கொண்டுபோனார்.

"அய்யாவு" என்று இன்னொரு முறை சொன்னாள், உரக்க. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி செல்லப்பனைப் பார்த்தார். ஏன் முதலிலேயே சொல்லவில்லையாம் என்று கேட்டார். அவருக்குக் கோபமில்லை, ஆச்சரியம்தான். செல்லப்பனுக்கு இரண்டாவது முறையாக வழி திறந்தது. முதல் முறையைவிட இது சுலபமான வழி, விருந்தாளி இல்லை, சிரிப்பும் ஆறிவிட்டது.

"இப்போதுதான் நினைவு வந்ததாம், துவான்" என்றார்.

அதிகாரி தம்மிடமிருந்த விவரத்தைப் பார்த்தார். சுங்கை ரெங்காஸிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனவன், அய்யாவு, சரி. மறுநாள் காலை வந்து சீட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். வெள்ளையம்மா வெளியே வந்து பியூனின் குழாயடியில் வாயைக் கொப்பளித்தாள். துப்பினாள், மறுபடி கொப்பளித்தாள். குழந்தை அது விளையாட்டு என்று நினைத்துத் தானும் தண்ணீரில் கை வைத்தது.

புதன்கிழமை காலை அவள் சீட்டுக்காக வந்து நின்றபோது, கைதி ஒருவனைத் தலைநகரத்தில் விட்டுவிட்டுத் திரும்பிய மாத்தா-மாத்தா அதிகாரியிடம் பேசிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் விசாரித்துவரச் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. அய்யாவு போன வெள்ளிக்கிழமையே இறந்துவிட்டான், அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள் என்றான். வெள்ளையம்மாவுக்குத் தெரிந்த மலாய் கடைச் சாமான் வாங்குகிற மலாய். ஆனால் 'மாத்தி' என்ற சொல் அவளுக்குத் தெரியும். செத்த கோழிக்கும் செத்த மரத்துக்கும் அதே சொல்தான்.

அதிகாரி எழுந்து நின்றார். அவளிடம் மெதுவாகச் சொல் என்றார் செல்லப்பனிடம். வெள்ளிக்கிழமை இறந்தான் என்பதையும் சொல், சடங்கு எதுவும் செய்ய வேண்டுமானால் நாள் தெரிய வேண்டும் அல்லவா என்றார். அவருக்குத் தெரியாமலே அவர் சொன்ன மிகச் சரியான வார்த்தை அது.

"செத்துட்டாராம்" என்றார் செல்லப்பன்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். "எப்பங்க சாமி?"

வெள்ளிக்கிழமை என்றால் அவள் கணக்குப் போடுவாள். வெள்ளிக்கிழமை அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள், யாரால் உட்கார்ந்திருந்தாள் என்பது தெரியவரும். பசாருக்குப் போகும், தங்கராஜு வாய்க்குப் போகும்.

"நேத்து" என்றார்.

"நேத்து எப்ப?"

"எனக்கென்ன தெரியும்? நேத்துன்னு சொல்றாங்க."

வெள்ளையம்மா சத்தம் போட்டு அழவில்லை. குழந்தையின் தலையைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "அப்பாவ நாந்தாம்மா கொன்னுட்டேன்" என்று அதனிடம் சொன்னாள். அது செல்லப்பனுக்குக் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். அழுகிறாள், துவான் என்றார் அவர்.

அவரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடுமைக்கு ஓர் உயரம் வேண்டும், தான் செய்வது என்ன என்று நின்று பார்க்கிற ஒரு தைரியம் வேண்டும். இது வேறு. சாப்பாட்டில் கரப்பான் கிடப்பதைப் பார்த்தால் நமக்குப் பயம் வருவதில்லை, குமட்டல்தான் வருகிறது. செல்லப்பனுக்கு ஜாவி தெரியும், மலாய் தெரியும், தமிழ் தெரியும். ஒரு சொல்லில் ஒரு பெண்ணின் ஆயுள் முழுவதற்குமான பாரத்தை இறக்கி வைத்திருக்க முடியும். அந்த மாவட்டத்தில் அவர் ஒருவரால்தான் அது முடியும். அந்தச் சொல் வெள்ளி.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் புறப்பட்டது. ஸ்டேஷனில் தகர டிரங்குகள், பாய் சுருட்டுகள், இரண்டு கூண்டுக் கோழிகள், நாட்டுக்குப் போனதும் என்ன செய்வது என்று தெரியாத மனிதர்கள். அதிகாரி தாமே வந்து ஒவ்வொருவராக ஏற்றினார். செல்லப்பன் பக்கத்தில் நின்று பெயர் கேட்டுச் சொன்னார். அந்த ஆண்டு அறிக்கையில் மக்கள் தொகை குறைந்தது, இடையூறு எதுவும் இல்லை என்று எழுதப்போகிற காரியம் அப்படித்தான் நடந்தது.

வெள்ளையம்மா வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"பெயர்?" என்றார் அதிகாரி.

"வெள்ளையம்மா" என்றாள்.

"கணவன் பெயர்?"

செல்லப்பன் அவள் பக்கம் திரும்பிக் கேட்கவில்லை. அவள் மறுபடி அந்தப் பெயரைச் சொல்லி, பிளாட்பாரத்தில் எல்லோர் முன்னாலும் அழுது, அதிகாரி ஏதாவது கேட்டு, பேச்சு வளர்ந்துவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. "அய்யாவு, லாரியில் அனுப்பியவன், இறந்துவிட்டான். பால் ஸ்டோரில் வேலை செய்தவன். ஒரு பெண் குழந்தை" என்று தாமே விடுவிடு என்று சொன்னார். லாரியில் குனிந்து கேட்டுக்கொண்டது எல்லாம் அப்படியே வந்தது.

ஒரு காலைப் பெட்டிப் படியில் வைத்தவள் அப்படியே நின்றாள். பேச்சு மலாய்தான், ஆனால் பெயர் பெயர்தானே. இந்த ஆள் தயங்காமல், யோசிக்காமல் அதைச் சொன்னார். லாரி என்ற சொல்லும் அவளுக்குப் புரிந்தது; வீட்டுக்காரரை ஏற்றி அனுப்பியபோது இந்த ஆள் பக்கத்தில் இருந்திருக்கிறார்.

"சாமி" என்றாள். "அந்தப் பேரு ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

செல்லப்பன் அடுத்த ஆளைப் பார்த்தார்.

"என்ன கேட்கிறாள்?" என்றார் அதிகாரி.

"நன்றி சொல்கிறாள், துவான்."

அதிகாரி அவளைப் பார்த்து, தலையை அசைத்து, "சாமா-சாமா" என்றார். நன்றி சொன்னவருக்கு மலாய்க்காரர்கள் மரியாதையாகச் சொல்கிற பதில் அது. காய் வாங்கும்போதும் மீன் வாங்கும்போதும் அவள் அதை நூறு முறை கேட்டிருக்கிறாள். அவள் ஒரு கணம் அதிகாரியைப் பார்த்தாள், பிறகு செல்லப்பனைப் பார்த்தாள். பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள். ஏறிக்கொண்டாள்.

ரயில் நகரும்போது சன்னலோரம் வந்து, வாய் நிறைய எச்சிலைச் சேர்த்து அவர் மேல் துப்பினாள். காற்று எதிர்த்தது. அது கோட்டில் படாமல் அவர் காலடியில் கல் மேல் விழுந்தது. செல்லப்பன் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டு அடுத்த பெட்டியைப் பார்த்தார்.